பட்டவரே சொல்ல வேண்டும்

ஜூன் 3

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்து, படியேறுவது சற்று எளிதாகியிருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே மகளும் குழந்தையும் சௌக்கியம். குழந்தை பகல் முழுவதும் தூங்குகிறது. மற்ற நேரத்தில் எங்களைத் தூங்கவிடுவதில்லை. டிசம்பர் கடைசி வரை நான் இங்கேதான் இருக்க வேண்டியிருக்கும்.

தொலைபேசியில் கூப்பிட்டால் இரண்டாவது நிமிடத்தில் வைத்துவிடுவீர்கள் என்பதால் கடிதம். உங்களிடம் ஓர் உதவி கேட்க வேண்டும். உங்கள் தம்பி வீட்டில் தனியாக இருக்கிறார். மருத்துவமனை விட்டால் சோபா, சோபா விட்டால் மருத்துவமனை. புதன்கிழமை மாலைகளில் நீங்கள் நடத்தும் வாள் வகுப்பில் அவரையும் சேர்த்துக்கொள்ள முடியுமா? அறுபத்தொரு வயதில் புதிதாகத் தொடங்குபவரை ஏற்பீர்களா என்று தெரியவில்லை. நீங்கள் கூப்பிட்டால் வருவார். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

உங்கள் வலது கண்ணின் புரையை அவரே எடுக்கப்போவதாகவும், அக்டோபர் பதினாறு என்று நாள் குறித்திருப்பதாகவும் சொன்னார். நான் ஊரில் இல்லாத நேரத்தில் உங்களுக்குச் சொட்டு மருந்து விட யார் இருக்கிறார்கள்? ஜனவரிக்குத் தள்ளிவைத்தால் நானே கூட இருந்து பார்த்துக்கொள்வேன்.

அவர் வாளை எப்படிப் பிடிக்கிறார் என்று எழுதுங்கள். தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

உங்கள் ஆரோக்கியத்துக்காக வேண்டிக்கொள்ளும்,
தம்பி மனைவி


ஜூன் 15

என் தம்பியின் மனைவிக்கு,

என் முழங்கால் வலிக்கிறது. அது வலிக்காத நாளில் தனியாகக் கடிதம் போடுகிறேன். குழந்தை தூங்காததைப் பற்றி இனி எழுதத் தேவையில்லை. எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான். அதை ஒரு செய்தியாகக் கருதுவது பெற்றவர்கள் மட்டுமே.

உன் கணவனைச் சேர்த்துக்கொண்டேன். தொடக்கநிலை வகுப்பில் ஏற்கெனவே ஏழு பேர் இருக்கிறார்கள். எட்டாவதாக ஒருவர் வந்து அவர்களைவிட மோசமாகச் செய்துவிட முடியாது. மூடிய பூப்பந்து அரங்கம் ஒன்றை ஆறிலிருந்து எட்டு வரை எங்களுக்குக் கொடுக்கிறார்கள். எட்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே பூப்பந்துக்காரர்கள் வாசலில் மட்டையோடு வந்து நின்று, நாங்கள் ஏதோ பைத்தியங்கள் என்பதுபோல் பார்க்கிறார்கள். அவர்கள் ஓர் இறகைத் துரத்துகிறவர்கள்.

வருகிறவர்களைப் பற்றியும் சொல்கிறேன். ஒரு வங்கி எழுத்தர் இருக்கிறார். திரைப்படம் பார்த்து வாள் கற்றவர், வாளைச் சுழற்றாமல் அவரால் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. அவருக்குக் கதாநாயகன் என்று பெயர் வைத்திருக்கிறேன். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். வரி ஆலோசகர் ஒருவர் ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் அதன் காரணத்தைக் கேட்கிறார். புதிதாகக் கல்யாணமான இருவர் ஒருவரையொருவர் அடிக்க மறுக்கிறார்கள். ஆறு மாதம் போகட்டும் என்று காத்திருக்கிறேன். உருப்படியானவர் பேருந்து ஓட்டும் பெண்மணி ஒருவர்தான். இடைவெளி என்றால் என்ன என்று அவருக்கு நான் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

நாங்கள் கற்பது அறுநூறு ஆண்டுக்கு முந்தைய இத்தாலிய முறை. இரண்டு கையாலும் பிடிக்கும் நெடுவாள். அதன் எடை ஒன்றரைக் கிலோதான். பத்துக் கிலோ என்று நம்பி வருகிறவர்களின் ஏமாற்றம்தான் முதல் பாடம். புதியவர்களுக்கு நைலான் வாள், கம்பிவலை முகமூடி. மிதமான வேகத்தில் செய்வதால் கைக்கு உறை ஒன்றும் கிடையாது. முதல் மாதம் முழுவதும் நிற்பதும் நடப்பதும் மட்டும். ‘இரும்பு வாசல்’, ‘காட்டுப்பன்றிப் பல்’ என்று ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெயர் உண்டு. ‘பெண்ணின் நிலை’ என்று ஒன்று இருக்கிறது. எல்லாவற்றிலும் அதுதான் வலிமையானது. அதைச் சொன்னால் ஆண்கள் சிரிக்கிறார்கள். பிறகு அதில் நிற்பவரிடம் அடி வாங்கிப் பார்க்கச் சொல்கிறேன், சிரிப்பு நின்றுவிடுகிறது.

என் வகுப்பில் நடுவர் கிடையாது. விதி ஒன்றே ஒன்று: பட்டவரே சொல்ல வேண்டும். அடி மேலே பட்டால் இடது கையைத் தூக்கி ‘பட்டது’ என்று தாமே அறிவிக்க வேண்டும். வாளைப் பிடிக்கத் தெரியாதவரை நான் பொறுத்துக்கொள்வேன். இதைச் சொல்லத் தெரியாதவரைப் பொறுக்கமாட்டேன்.

கண் விஷயம். அக்டோபர் பதினாறு என்றால் அக்டோபர் பதினாறுதான். சொட்டு மருந்து விட்டுக்கொள்ள எனக்கு இரண்டு கைகள் இருக்கின்றன. இடது கண்ணை நான்கு வருடம் முன்பு அவன்தான் செய்தான், குறையில்லை. என் குடும்பத்தில் திறமையாகச் செய்யப்பட்ட ஒரே காரியம் அது.

உடம்பைக் கவனித்துக்கொள். பேத்தியை விடாமல் தூக்கி வைத்திருந்தால் முதுகு போய்விடும்.

நாத்தனார்


ஜூலை 2

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எல்லாரும் நலமாக இருக்கிறோம். முதுகு நீங்கள் சொன்னபடியே பிடித்துக்கொண்டது.

அவர் இரண்டு வகுப்புக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். மகிழ்ச்சி. வாள் அவர் கையிலிருந்து நழுவுகிறதா? பிடி எப்படி இருக்கிறது? நீங்கள் கூர்ந்து பார்க்கிறவர் என்பதால் கேட்கிறேன். அவருடைய கைகளைக் கவனித்து எழுதுங்கள்.

அக்டோபரில் மழை பிடித்துக்கொள்ளும். ஈரத்தில் கண்ணில் சீக்கிரம் தொற்று வரும் என்று எங்கேயோ படித்தேன். ஜனவரியே நல்லது என்று தோன்றுகிறது. அப்படி அவசரம் என்றால், அவருடைய பிரிவிலேயே ஓர் இளம் பெண் மருத்துவர் இருக்கிறார். நன்றாகச் செய்வார் என்கிறார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், அக்கா.

தம்பி மனைவி


ஜூலை 20

என் தம்பியின் மனைவிக்கு,

உயிரோடு இருக்கிறேன். நேரத்துக்குத்தான் சாப்பிடுகிறேன், நேரம் என்னுடையது.

அறுவை அரங்கத்துக்குள் மழை பெய்வதாக நான் கேள்விப்பட்டதில்லை. உன் கணவன் இருபத்தேழு வருடமாக அதே அரங்கத்தில் எல்லாப் பருவத்திலும் கத்தி பிடிக்கிறான். அவனை விட்டுவிட்டு மூன்று வருட அனுபவமுள்ள ஒரு பெண்ணிடம் என்னை ஏன் அனுப்பப் பார்க்கிறாய் என்று புரியவில்லை. மனைவிகளுக்குக் கணவனின் திறமை கடைசியில்தான் தெரியவரும் போலிருக்கிறது.

அவன் கைகளைக் கேட்டாய். வாள் நழுவவில்லை. அதன் கழுத்தை நெரிக்கிறவன்போல் பிடிக்கிறான். “தளர்த்துடா, அது எங்கயும் ஓடிப்போகாது” என்று ஐந்து முறை சொன்னேன். கால் அடிகள் நன்றாக இருக்கின்றன, எனக்கே வியப்பு. முன்கால் எங்கே போக வேண்டுமோ அங்கே போகிறது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றைச் சொல்ல. உன் கணவன் ஏமாற்றுகிறான்.

போன புதன்கிழமை பேருந்துக்காரப் பெண்மணியோடு ஜோடி சேர்த்தேன். அவர் மேலிருந்து ஒரு வெட்டு இறக்கினார், சுத்தமான வெட்டு. அது அவன் வலது கை விரல்களின் மேல் விழுந்ததை அரங்கத்தின் மறுகோடியிலிருந்து, புரை விழுந்த கண்ணோடு நானே பார்த்தேன். அவன் கை தூக்கவில்லை. ஆடிக்கொண்டே இருந்தான்.

“சார், பட்டுச்சு” என்றார் அந்தப் பெண்.

“படலையே.”

“விரல் மேலேயே விழுந்துச்சு சார். எனக்கே கூசுது.”

“பட்டிருந்தா எனக்குத் தெரியாதாம்மா?”

அந்தப் பெண் பாவம், பெரிய டாக்டர் என்று விட்டுவிட்டார். அன்று மட்டும் மூன்று முறை. தோளில் பட்டதைச் சொன்னான். தொடையில் பட்டதைச் சொன்னான். கையில் பட்டதை மட்டும் விழுங்கிவிட்டான். கை அடிக்கு இரண்டு புள்ளி என்பதால் என்று வரி ஆலோசகர் எனக்கு விளக்கினார். அவருக்குத் தெரியும், அவர் தொழில் அது.

ஒரு நைலான் கம்புக்காக, புள்ளி வைத்து எதுவும் தராத ஒரு வகுப்பில், அறுபத்தொரு வயது மனிதன் பொய் சொல்கிறான். எனக்குச் சிரிப்புக்கூட வரவில்லை.

நாத்தனார்


ஆகஸ்டு 14

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னியுங்கள். மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் பாதியில் விட்டுவிட்டேன். குழந்தைக்குச் சளி, இப்போது பரவாயில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

அக்கா, அவர் பிடிவாதக்காரர், முன்கோபி; நீங்கள் சொல்லும் எல்லாமும்தான். பொய் சொல்கிறவர் அல்ல. பட்டதைச் சொல்லாமல் இருக்க வேறு காரணம் ஏதாவது இருக்குமா என்று நீங்கள் யோசிக்க வேண்டும். நீங்கள் படித்தவர், நிறையப் பேருக்குச் சொல்லித் தந்தவர். என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

தோளில் பட்டதைச் சொன்னார், கையில் பட்டதைச் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் பலமுறை படித்தேன்.

அக்டோபர் பதினாறைப் பற்றி நான் இத்தனை முறை எழுதுவது உங்களுக்கு எரிச்சலாக இருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன். தள்ளிவையுங்கள்.

தம்பி மனைவி


ஆகஸ்டு 28

என் தம்பியின் மனைவிக்கு,

நான் நலமில்லாமல் இருந்தால்தான் உனக்கு எழுத விஷயம் கிடைக்கும் என்று தோன்றுகிறது. மன்னிக்கவும், நலமாகவே இருக்கிறேன்.

கணவனுக்காக வாதாடும் மனைவியின் கடிதத்துக்கு என்ன மதிப்பு கொடுக்க வேண்டுமோ அதைக் கொடுத்தேன். நேற்று அவனை வகுப்பிலிருந்து அனுப்பிவிட்டேன்.

கதாநாயகனோடு ஆடிக்கொண்டிருந்தான். கதாநாயகன் வழக்கம்போல் வாளைச் சுழற்றினார். ஒரு விபத்தைப்போல அது உன் கணவனின் கட்டைவிரல் கணுவில் இறங்கித் தோலைக் கிழித்தது. இரத்தம் வந்தது. பலகைத் தரையில் மூன்று சொட்டு. அவனோ வாளை உயர்த்திக்கொண்டு ‘அடுத்தது’ என்பதுபோல் நிற்கிறான்!

“நிறுத்து” என்றேன். “பட்டுச்சா இல்லையா?”

“இல்ல.”

“தரையைப் பாருடா.”

பார்த்தான். பிறகு கையைப் பார்த்தான். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். திருடியது கையில் இருக்கும்போதே பிடிபட்டவனின் முகம்.

“கவனிக்கல அக்கா.”

“இங்க அக்கா கிடையாது. ஏழு பேரும் கேட்டுக்கோங்க. இரத்தம் சொட்டும்போதும் படலைன்னு சொல்றவனுக்கு இந்த வகுப்புல இடமில்ல. முகமூடியைக் கழட்டி வச்சுட்டுக் கிளம்பு.”

போய்விட்டான். கல்யாண ஜோடியில் அந்தப் பெண் அழுதாள். யாருக்காக என்று தெரியவில்லை.

உன் அடுத்த கவலையையும் தீர்த்துவிடுகிறேன். அறுவை அக்டோபர் பதினாறு அன்று, அவன் கையால்தான். மனிதன் பொய்யனாக இருப்பதும் மருத்துவன் தேர்ந்தவனாக இருப்பதும் வேறு வேறு. எனக்கு வேண்டியது அவனுடைய கை. அவன் குணம் உன்னோடு இருக்கட்டும்.

குழந்தையின் சளிக்கு வெந்நீர் ஆவி போதும். நாலு மருத்துவரிடம் ஓடாதே.

நாத்தனார்


செப்டம்பர் 4

அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா தெரியவில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

நீ செய்தது சரி. பட்டது தெரிந்தும், தோற்க மனமில்லாமல் மறைத்தேன். ஒரு முறை அல்ல, பல முறை. வெட்கமாக இருக்கிறது. அந்த அம்மாவிடமும் மற்றவர்களிடமும் என் மன்னிப்பைச் சொல்லிவிடு. இனி வகுப்புக்கு வரமாட்டேன்.

பதினாறாம் தேதிக்கு முன் இரத்தச் சர்க்கரை பார்த்துவிட்டு வா.

தம்பி


செப்டம்பர் 17

என் தம்பியின் மனைவிக்கு,

நலம் விசாரிப்பதை இந்தக் கடிதத்தில் விட்டுவிடுகிறேன். இதை நிதானமாக உட்கார்ந்து படி.

உன் கணவன் எனக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினான். அறுபத்தொரு வருடத்தில் முதல் முறை. ஏழு வயதில் கூடத்து நிலைக்கண்ணாடியை உடைத்துவிட்டு, பந்தைக் கையில் வைத்துக்கொண்டே கண்ணாடி தானாக விழுந்தது என்று அப்பாவிடம் சாதித்தவன் அவன். அப்பா அடித்தார், அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படிப்பட்டவன் நான்கு வரியில் ‘மறைத்தேன்’ என்று எழுதினால் எனக்குக் குளிர்கிறது. ஒன்றை இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறவன் அதைவிடப் பெரிய ஒன்றின்மேல் உட்கார்ந்திருக்கிறான்.

பழைய கையெழுத்துப் பிரதிகளைப் படித்துப் பிழைத்தவள் நான். அந்தத் தாளைத் திருப்பி விளக்கில் பிடித்தேன். பின்பக்கத்தில் ஒவ்வொரு எழுத்தும் விரலால் தடவிப் படிக்கும் அளவுக்கு மேடாக எழும்பியிருந்தது. இரண்டு இடத்தில் பேனா தாளைக் கிழித்திருந்தது. கோபத்தில் எழுதுகிறவன் சில சொற்களை மட்டும் அழுத்துவான். இவன் காற்புள்ளியைக்கூட அழுத்தியிருந்தான். பேனா விரலில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாதவன்தான் அப்படி அழுத்துவான். வாளையும் அப்படித்தான் பிடித்தான். நான் அதைப் பார்த்துவிட்டு ‘தளர்த்துடா’ என்று ஐந்து முறை சொன்னேன். ஐந்து முறையும் நான் ஒரு முட்டாள்.

இன்று வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னால் அவனை அரங்கத்துக்கு வரச் சொன்னேன். இரண்டு வாள்களும் குறுக்காகத் தொட்டு நிற்கும்போது எதிராளி அழுத்துகிறாரா விலகுகிறாரா என்று கண்ணை மூடிக்கொண்டு உணர்வது எங்கள் பயிற்சிகளில் ஒன்று. பாதியில் நின்றதால் அவனுக்குச் சொல்லித் தராத பாடம் அது. முடித்துவிட்டுப் போ என்றேன். கண்ணை மூடினான். நான் அழுத்தினேன், “அழுத்தறே” என்றான். விலக்கினேன், “விட்டுட்டே” என்றான். நான்கு முறையும் சரி. தோளும் முழங்கையும் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தன. ஐந்தாவது முறை என் வாளைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு, அவன் வலது கட்டைவிரலில் என் நகத்தை வைத்து அழுத்தினேன்.

“இப்ப?”

“வாளை எடுத்துட்டே. ஒண்ணும் இல்ல.”

ஆள்காட்டி விரலுக்குப் போனேன். நடுவிரலுக்குப் போனேன். நகம் பதிந்து வெள்ளையாகிவிட்டது.

“இப்ப?”

“அதான் சொன்னேனே, ஒண்ணும் இல்ல.”

“கண்ணைத் திறடா.”

திறந்தான். என் நகம் அவன் விரலில் இன்னும் அழுந்தியிருந்ததைப் பார்த்தான்.

“எத்தனை நாளாச்சு?”

“அக்கா, நுண்ணோக்கியில எல்லாம் பெருசாத் தெரியுது. நான் கண்ணை வச்சுத்தான் செய்யறேன். கையை வச்சா செய்யறேன்?”

“எத்தனை நாளாச்சுன்னு கேட்டேன்.”

“போன வருஷம் ஆகஸ்டுலேருந்து. கழுத்துல நரம்பு எங்கயோ அழுத்துது. சரியாயிடும்.”

“பொய்யன்னு பேர் வாங்கிக்கிட்டு பேசாமப் போனியே, ஏன்?”

“அந்தப் பேரோட ஆபரேஷன் பண்ணலாம் அக்கா. இந்தப் பேரோட பண்ண முடியாது.”

இதைவிடக் கேவலமான ஒரு வாக்கியத்தை நான் என் தம்பியின் வாயிலிருந்து கேட்டதில்லை. இதைவிட உண்மையானதையும் கேட்டதில்லை.

“நாளைக்கு எத்தனை பேர்?”

“ஒன்பது.”

“முதல் பேரா என்னைப் போடு. அக்டோபர் வரைக்கும் எதுக்கு? எட்டு மணிக்கு வர்றேன். உன் கை சரியா இருக்குன்னு நீ நினைச்சா என் கண்ணுல ஆரம்பி. நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.”

“விளையாடாதே அக்கா.”

“நான் எப்ப விளையாடியிருக்கேன்?”

அவன் போய்விட்டான். ஏழு பேர் வந்தார்கள், வகுப்பு நடத்தினேன். இப்போது மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாளைக் காலை மருத்துவமனைக்குப் போகும் வழியில் தபாலில் போடுவேன். உனக்கு இது கிடைக்கும்போது என் வலது கண் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. உனக்கு எவ்வளவு நாளாகத் தெரியும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்துவிட்டது. பிடி எப்படி இருக்கிறது, வாள் நழுவுகிறதா, கைகளைக் கவனியுங்கள், தள்ளிவையுங்கள்! உன் எல்லாக் கடிதங்களையும் மறுபடி எடுத்துப் படித்தேன்.

நாத்தனார்


செப்டம்பர் 23

என் தம்பியின் மனைவிக்கு,

கண் இருக்கிறது. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் மூடியும் இருக்கிறது. வரிகள் கோணலாகப் போனால் அதுதான் காரணம்.

நடந்தது இது. சொட்டு மருந்து விட்டு மரக்கவைத்து, இமையை ஒரு கவ்வியால் திறந்து வைத்து, முகத்தைத் துணியால் மூடி, விளக்கின் கீழ் படுக்க வைத்தார்கள். விழித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். பெரிய வெளிச்சம், அதன் ஓரத்தில் ஒரு நிழல் வந்து உட்கார்ந்தது. அவன்தான். உட்காரும்போது மூக்கால் மூச்சு விடும் ஓசை சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும்.

அவன் ஆரம்பிக்கவில்லை. நான் எண்ணத் தொடங்கினேன். நூறு வரை வந்ததும் “சார், ஆரம்பிக்கலாமா?” என்று செவிலி கேட்டாள். கருவி ஒன்று வெளிச்சத்துக்குள் வந்தது. என் கண்ணுக்கு மேலே நின்றது. நான் பேசவில்லை. பேசியிருந்தால் அவன் என்மேல் கோபப்பட்டு ஆரம்பித்திருப்பான். அவனை எனக்குத் தெரியும். பயந்தேனா என்று கேட்பாய். பயந்தேன். நூற்று எழுபதில் எண்ணிக்கை தவறியது.

பிறகு கருவி தட்டில் விழும் சத்தம்.

“என்னால முடியாது. வலது கை மரத்துப்போயிருக்கு. ஒரு வருஷமா.” அறையில் இருந்த எல்லாரும் கேட்கும்படி சொன்னான். “டாக்டரம்மாவைக் கூப்பிடுங்க. இன்னிக்குப் பட்டியல் முழுக்க அவங்க செய்யட்டும்.”

நீ சிபாரிசு செய்த இளம் பெண்தான் செய்தாள். செய்து முடிக்கும்வரை வாய் ஓயவில்லை. அவள் பூனையைப் பற்றி எனக்கு இப்போது எல்லாம் தெரியும். வேலை சுத்தம். அவன் கடைசிவரை பின்னால் நின்றான். மறுநாள் கட்டு அவிழ்த்ததும் நான் முதலில் பார்த்தது அவன் முகத்தை. இவ்வளவு துல்லியமாகத் தெரிய வேண்டியிருக்கவில்லை.

அறுவை நடந்த அன்றைக்கே மருத்துவமனை இயக்குநரிடம் தானே போய் எழுதிக் கொடுத்தான். ஒரு வருடமாக அவன் தொட்ட ஒவ்வொருவரையும் திரும்ப அழைத்துப் பரிசோதிக்கிறார்கள். இதுவரை ஒரு முதியவருக்கு மறுபடி செய்ய வேண்டியிருக்கிறது. இன்னும் பாதிப் பேர் வர வேண்டும். அந்தப் பட்டியலை அவன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறான், வைத்துக்கொள்ளட்டும்.

என் பங்குக்கு நானும் ஒன்று செய்தேன். நாளை புதன்கிழமை வரை காத்திருக்காமல், ஏழு பேரையும் ஞாயிற்றுக்கிழமையே அரங்கத்துக்கு வரச் சொல்லி, கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு போய் நின்று, நான் ஒரு மனிதனைப் பொய்யன் என்றது தவறு என்று சொன்னேன். கதாநாயகன் கைதட்டினார். அரங்கத்தை இருபது சுற்று ஓடச் சொன்னேன்.

இனி உன் கணக்கு. அவனிடம் சொல்லப் பயந்தாய். என்னிடம் சொன்னால் காட்டிக்கொடுத்ததாகும். அதனால் நானே கண்டுபிடிக்கட்டும் என்று அவனை வகுப்புக்கு அனுப்பினாய். சாமர்த்தியம்தான். நான் கண்டுபிடிக்கவில்லை என்று வைத்துக்கொள். அக்டோபர் பதினாறுக்கு முன் நீ எனக்குச் சொல்லியிருப்பாயா? ஒரே கேள்வி. குழந்தையின் சளியைப் பற்றி எழுதி என்னைச் சுற்றி வராதே.

நாத்தனார்


அக்டோபர் 9

அக்காவுக்கு,

உங்கள் கண் ஆறியிருக்கும். இங்கே எல்லாரும் நலம், அதோடு விட்டுவிடுகிறேன்.

மாட்டேன், அக்கா. சொல்லியிருக்கமாட்டேன்.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து ‘கடைசி நேரத்தில் சொல்லியிருப்பேன்’ என்று எழுதிப் பார்த்தேன். எழுத வருகிறது; ஆனால் உண்மை இல்லை. செப்டம்பரில் அவரை நீங்கள் அனுப்பிவிட்டீர்கள் என்று படித்ததும் என் வழி அடைந்துவிட்டது என்று தெரிந்தது. அப்போதும் நான் உங்களுக்கு எழுதவில்லை, கூப்பிடவில்லை. ஓர் இரகசியத்தைப் பார்த்துவிட்டவளை அவர் மன்னிக்கமாட்டார். முப்பத்து மூன்று வருடம் அவரோடு இருந்தவள் சொல்கிறேன். உங்களுக்கு இரண்டு கண்கள், அதில் ஒன்று ஏற்கெனவே சரியாக இருக்கிறது. எனக்கு அவர் ஒருவர்தான். அப்படித்தான் கணக்குப் போட்டேன். மற்றவர்களுடைய கண்களை நான் எண்ணவே இல்லை. எண்ணினால் தூங்க முடியாது என்பதால்.

இதற்கு நீங்கள் என்ன எழுதினாலும் படிக்கிறேன். எழுதாவிட்டாலும் புரிந்துகொள்கிறேன்.

தம்பி மனைவி


அக்டோபர் 20

என் தம்பியின் மனைவிக்கு,

கண் ஆறிவிட்டது. உன் கடிதத்தை அதைக் கொண்டுதான் படித்தேன்.

மூன்று பக்கம் பதில் எழுதினேன். நன்றாக வந்திருந்தது, உனக்கு ஆயுள் முழுவதும் போதும். கிழித்துவிட்டேன். உன் கணக்கில் என்னால் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை, அதனால்தான் அருவருப்பாக இருக்கிறது. இந்தக் குடும்பத்தில் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் எழுதிய முதல் ஆள் நீ என்பதையும் குறித்துக்கொள்கிறேன். பாராட்டாக எடுத்துக்கொள்ளாதே.

உன் கணவன் என் வீட்டில் இருக்கிறான். கழுத்தில் பட்டை போட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் அறுவை. கை திரும்புமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. நீ ஊருக்குப் போனதிலிருந்து தலைவழியாக மாட்டும் பனியன் சட்டைகளைப் போட்டுக்கொண்டிருந்தான். பட்டை இருப்பதால் இப்போது அது முடியாது. பொத்தான் வைத்த சட்டைதான். காலை எட்டு மணிக்கு அதைத் திறந்து போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நிற்கிறான், கூரையைப் பார்க்கிறான்.

“இதுக்கு முன்னாடி யாருடா போட்டது?” என்று கேட்டேன்.

“அவதான். போன வருஷத்துலேருந்து. ஒரு வார்த்தை கேட்டதில்ல.”

ஏழு பொத்தான், தினமும். மேலிருந்து இரண்டாவதின் துளை சிறியது. எந்தத் தையற்காரன் செய்தானோ. அவன் அசையாமல் நிற்கிறான், நான் திட்டிக்கொண்டே போடுகிறேன். பேசாமல் போட எனக்கு வராது. அது உன்னால்தான் முடியும்.

பயணச்சீட்டை மாற்றிக்கொண்டு வந்து சேர்.

நாத்தனார்